மொத்த இழப்பு

கொரடாச்சேரி கேட் மூடியாயிற்று.
நெல் ஏற்றிய கூட்ஸ் கடக்க வேண்டும்.
அதுவரை வேறென்ன வேலை,
விலையைப் பற்றிப் பேச்சுதான்.

கேட்டை ஒட்டிய ஷெட்டில் இரண்டு வண்டிகள்.
வெள்ளை ஸ்விஃப்ட், பன்னிரண்டாம் வருஷத்து மாடல், மூன்று தொண்ணூறு.
பக்கத்தில் தார்ப்பாய் விலக்கிய பியட்,
எழுபத்திரண்டு, கரும்பச்சை, ஆறரை லட்சம்.

"இளசு மூணு தொண்ணூறு, கிழடு ஆறரையா?
எந்த ஊர்க் கணக்குய்யா இது?"
ரைஸ்மில் இளவழகனுக்கு
டீ கூட இறங்கவில்லை.

புரோக்கர் சம்சுதீன் துண்டால் பானெட்டைத் துடைக்கிறார்.
"பதினஞ்சு இருபது வருஷம் வரைக்கும்தாண்ணே வண்டி பழசாகும்.
அதையும் தாண்டி நின்னுட்டா
அப்புறம் வயசு ஏறாது, விலைதான் ஏறும்.
கூத்தாநல்லூர்க்காரர் ஒருத்தர்
சிங்கப்பூர்லேருந்து வீடியோவுல பார்த்தாரு.
ஹாரனை மட்டும் அடிச்சுக் காட்டச் சொன்னாரு.
அஞ்சே முக்காலுக்கு வந்துட்டாரு."

"ஹாரனுக்கா அஞ்சே முக்கால்?"

"பின்னே, இதுல வேற எதுண்ணே வேலை செய்யுது?"

நான் இன்சூரன்ஸ் சர்வேயர்.
என் பையில் ஓர் அட்டவணை உண்டு.
ஆறு மாதத்துக்குள் ஐந்து சதவீதம் கழியும்,
ஐந்தாம் வருஷம் பாதி போய்விடும்.
அதற்கு மேல்
இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளவும் என்று
அட்டவணையே கையை விரித்துவிடும்.

பேசி முடிக்க வந்தவள் தையல்நாயகி.
திருவாரூரில் டயாலிசிஸ் டெக்னீசியன்.
ஷிஃப்ட் முடிய இரவு இரண்டாகும்,
கடைசி பஸ் பத்தேகாலுக்கே போய்விடும்.
"நீங்க சொல்லுங்க சார்.
மூணு தொண்ணூறு பெறுமா?"

மிதியடியைத் தூக்கினேன்.
சீட் நகரும் தண்டில், விரல் நுழையாத இடுக்கில்,
காய்ந்த வண்டல்.
எங்கள் பக்கம் வண்டல் படிந்தால்
வயலுக்கு விலை கூடும்.
இது எங்கள் ஆற்று வண்டல் இல்லை.
முகர்ந்தாலே தெரியும், பட்டணத்துச் சாக்கடையும் டீசலும்.

பானெட்டைத் திறந்தேன்.
பேட்டரித் தட்டின் ஓரம் மஞ்சள் பெயின்ட்.
த.வீ. 212.

என் கையெழுத்து.

சென்னை வெள்ளத்துக்கு எங்களையெல்லாம் வரவழைத்திருந்தார்கள்.
முடிச்சூரில் ஒரு கல்யாண மண்டபத்து மைதானம்,
வரிசை வரிசையாகக் கார்கள்,
ஒவ்வொன்றுக்கும் ஏழு நிமிஷம்.
இருநூற்றுப் பன்னிரண்டாவதற்கு வரும்போது
கையில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம்.
ஒரு கையால் தின்றபடி, மறு கையால் எழுதினேன்:
மொத்த இழப்பு.
இரும்பு விலை முப்பத்தெட்டாயிரம்.

சொல்லிவிட்டேன்.

இளவழகன் "அடப்பாவி" என்றார்,
என்னையா சம்சுதீனையா தெரியவில்லை.

சம்சுதீன் குரலை உயர்த்தவில்லை.
"நான் அதைச் சொல்லியிருக்கணும், ஒத்துக்கிறேன்.
ஆனா சார்,
நீங்க செத்துப்போச்சுன்னு எழுதினது
எட்டு வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு.
கேட்கிற விலை தப்புங்கிறீங்க, சரி.
போட்ட விலை சரியா?"

அதற்குள் கூட்ஸ் வந்துவிட்டது.
நாற்பது பெட்டி, யார் பேச்சும் யாருக்கும் கேட்காது.
நல்லவேளை.
என் கால் தன்பாட்டுக்கு
மிதியடியை நேராக்கிக்கொண்டிருந்தது.

அந்த இரைச்சலில் அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.
சாவியைத் திருப்பினாள்.
காதால் கேட்க முடியாததால்
ஸ்டீயரிங்மேல் உள்ளங்கையை வைத்து,
மெஷினோடு இரவெல்லாம் பழகிய கை,
அதிர்வைப் பார்த்தாள். கிளட்ச்சை மூன்று முறை மிதித்தாள்.
டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைக் கூடத் தட்டினாள்.

கடைசிப் பெட்டி போனதும் இறங்கி வந்தாள்.
"சார் முப்பத்தெட்டாயிரம்னு எழுதியிருக்காரு.
அங்கேருந்து ஆரம்பிப்போமாண்ணே?"

கேட் ஏறிவிட்டது.
பின்னால் மணல் லாரிகள் கத்துகின்றன,
நாங்கள் ஒருவரும் நகரவில்லை.
சம்சுதீன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
"உட்காருங்க தங்கச்சி" என்றார்.

இளவழகன் பியட்டின் ஜன்னலுக்குள் கைவிட்டு
ஹாரனை ஒருமுறை அழுத்தினார்.
கொஞ்சம் யோசித்தார்.
இன்னொரு முறை அழுத்தினார்.