அனாமத்து

புதுவயல் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன்.
பதினோரு வருடம்.
ஒரு ரூபாய் இடித்தாலும்
ராத்திரி தூக்கம் வராது எனக்கு.

காரைக்குடியில் பழம்பொருள் கடை ஒன்றில்
பர்மாப் பெட்டிக்கும் எனாமல் கூஜாவுக்கும் நடுவே
கிடந்தது பைனாகுலர். இடக்கண்ணில் பூஞ்சை.
எண்ணூறு சொன்னார்,
அறுநூறுக்குப் பேசி முடித்தேன்.
அன்றிலிருந்து என் பறவைகளெல்லாம்
பாதி வெயிலிலும் பாதி பனியிலும் நிற்கின்றன.

போன வருடப் பேரேட்டில் மிச்சமிருந்த தாள்கள்.
வரிசை எண், தேதி, இடம், பெயர்.
முதல் வரியில் காக்கை என்றெழுதப்
பேனா கூசியது.
நாற்பத்திரண்டு வருடமாய்ப் பார்க்கிற ஒன்றுக்கு
எந்தத் தேதி போடுவது?
அன்றைய தேதியே போட்டேன்.
உமிக்குவியல் மேல், காலை எட்டேகால்.

இரண்டு, மைனா. மூன்று, செண்பகம்.
பதினான்கு, கண்டனூர்க் கண்மாயில் நத்தைகுத்தி நாரை,
மூடினாலும் இடுக்கு விடும் அலகோடு
ஏதோ சொல்ல வந்து மறந்தவர் மாதிரி.
இருபத்தொன்று, பனங்காடை.
கம்பியில் மந்தமாய் உட்கார்ந்திருந்தது.
அது பறந்தபோது
ஸ்கூட்டியை ஓரங்கட்டி
எஞ்சினை அணைத்தேன்.

முப்பத்தாறு, குயில்.
முப்பத்தொன்பது, ஆலை வேம்பில்
உடம்பெல்லாம் புள்ளி தெளித்த ஒன்று.
தப்பும் தவறுமாய் ஒரு பெயரும் வைத்தேன்.
மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது
அது முப்பத்தாறின் பெண்டாட்டி.
சிவப்பு மையில் அடித்து
பக்கத்தில் கையெழுத்திட்டேன்.
கல்லாவில் பணம் குறைந்த மாதிரி
அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மூட்டை ஏற்றும் சேவுகன் கேட்டான்:
"நீங்க பாக்காட்டியும் அது அங்கனதானக்கா இருக்கும்?"
"இருக்கும்."
"பெறகு எதுக்கு எழுதுறீக?"
நான் தவிட்டு மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணிக்கை விட்டுப்போய்
மறுபடி ஒன்றிலிருந்து.

ஐப்பசியில், ஆலைச் சங்கு ஆறுக்கு ஊதி ஓய்ந்ததும்
பின்பக்கப் புதருக்குள் இரண்டு சுரத்தில் ஒரு விசில்.
ஆறுமணிக்குருவி.
ஒன்பது நாள் கேட்டேன், ஒருநாளும் காணவில்லை.
காதால் கேட்டதை வரவு வைக்கலாமா,
ரசீது இல்லாமல்?
பென்சிலால் எழுதியிருக்கிறேன்,
எண் போடாமல்.

இன்னதென்று தெரியாத தொகையை
அனாமத்தில் வைப்போம்.
இங்கேயும் அப்படி ஒரு பக்கம்:
பழுப்பு. வாலை ஆட்டியது. கோவிலூர் சாலை, 6.40.
பழுப்பு, சிறியது. இரண்டு.
இதுவும் பழுப்பு. மேலே உள்ளதேயோ?
குரல் மட்டும். மழை.
பட்டியலைவிட இது நீண்டுபோயிற்று.

மார்ச்சுக்குள் அனாமத்தைத் தீர்த்தாக வேண்டும்,
ஆடிட்டர் ஒப்பமாட்டார்.
நேற்று முப்பத்தொன்று.
ஆலைக் கணக்கு பைசா சுத்தமாய்க் கட்டியது.
வெளியே வந்தேன்.
நெற்களத்தில், கால் கிளறிய கோடுகளுக்கு நடுவே
ஒரு பழுப்பு.
பூஞ்சையில்லாத கண்ணால் பார்த்தேன்.
வாலை ஆட்டவில்லை.
அதையும் எழுதினேன்.