கழித்தல் கணக்கு

ஷௌலியாய் மருத்துவமனை, மூன்றாம் மாடி.
செவ்வாய், வியாழன், சனி; காலை ஆறரை ஷிஃப்டு.
நான்கு நாற்காலிகள், நான்கு டயாலிசிஸ் இயந்திரங்கள்.
நால்வரின் ரத்தம் ஊர்சுற்றிவிட்டு
உடம்புக்குத் திரும்ப நான்கு மணி நேரம்.
அதுவரை வேறென்ன பேச?

ஜன்னலோரம் ஸெனோனாஸ், சைக்கிள் தொழிற்சாலை வெல்டர்.
"நோர்கைலா ஆடினான். பின்னால் வந்தவனெல்லாம்
பந்தைத் தடவிப் பார்த்தான், அவ்வளவுதான்."
நோர்கைலாவை அவர் பார்த்ததே இல்லை.
ஐம்பத்தெட்டில் பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டது.
வாரத்துக்கு அரை அங்குலம் வளர்ந்துகொண்டிருக்கிறான்
இன்றைக்கும்.

எலிகியுஸுக்குச் சுருக்கென்று வரும்.
"எழுபத்து நான்கில் பல்ஸ்யுஸ் போட்ட அந்தக் கடைசிப் பந்து!
மாஸ்கோக்காரன் முகத்தில் ஈயாடவில்லையே!"
யோலிதா கண்ணைத் திறக்காமலே சொல்வாள்:
"தொண்ணூற்றிரண்டில் பிளந்த ஷூவை
டேப்பு சுற்றி ஒட்டிக்கொண்டு ஆடினான் ராம்ஷா.
உங்கள் ஆட்களுக்கு அரசாங்கம் ஷூ கொடுத்தது."
சின்னவன் மாந்த்விதாஸ்
தன் ஆளின் பழைய ஆட்டத்தை ஃபோனில் ஓடவிட்டு
கைக்கு எட்டும்வரை நீட்டிக் காட்டுவான்.
யாரும் பார்ப்பதில்லை.

கேஸ் ஷீட்டில் பிறந்த தேதி இருக்கிறது.
ஒரு வியாழக்கிழமை, எலிகியுஸின் பிரஷர்
நூற்றெண்பதைத் தாண்டியபோது,
சும்மா, ஓரத்தில் கழித்துப் பார்த்தேன்.
ஸெனோனாஸுக்கு ஒன்பது. எலிகியுஸுக்குப் பதினொன்று.
யோலிதாவுக்குப் பத்து. மாந்த்விதாஸுக்கும் பத்து.
யாரிடமும் சொல்லவில்லை.
மாத்திரைதான் கொடுத்தேன்.

எனக்கும் உண்டு.
எண்பத்தெட்டு, குளிர்காலம். அப்பா கிளம்பிப் போன வாரம்.
அம்மா விளையாட்டரங்கில் தரை துடைப்பாள்.
வாளி வைக்கும் அறைக்கு எதிரே பெஞ்சின் கடைசி முனை,
அது கெல்ச்சுஸின் இடம். பதினான்காம் எண்.
அந்த சீசன் முழுக்க அவன் ஆடியது பதினோரு நிமிஷம்.
மற்றவர்கள் குளிக்கப் போன பிறகு
தனியாக ஃப்ரீ த்ரோ போட்டுக்கொண்டிருந்தான்.
விழுந்த பந்தை எடுத்து எடுத்து எறிந்தேன்.
நாற்பது முறை. நாற்பது முறையும்
"நன்றி" என்றான், மரியாதையாக,
பெரிய மனுஷியிடம் சொல்வதுபோல.
எத்தனை உள்ளே விழுந்தது, ஞாபகமில்லை.

வீட்டில், விடிகாலை மூன்று மணி.
கயுஸின் போர்வைக்குள் வெளிச்சம்.
அமெரிக்காவில் யாரோ பாதி மைதானத்திலிருந்து எறிகிறான்,
பந்து கூடையைத் தொடும் முன்பே
திரும்பி நின்று சிரிக்கிறான்.
இவனெல்லாம் ஒரு ஆளா, பாஸ் கொடுக்கத் தெரியுமா,
நாக்கு நுனிவரை வந்தது.
பையனுக்கு மார்ச்சில் பத்து முடிந்திருக்கிறது.
கட்டிலில் கொஞ்சம் இடம் கேட்டேன்.
"எந்த எண்?"
"முப்பத்தொன்று. தள்ளும்மா, மறைக்கிறாய்."

சனிக்கிழமை, ஊசியை எடுக்கும்போது
ஸெனோனாஸ் கேட்டார்:
"நீ ஒருநாளும் சொன்னதில்லையே, உன் ஆள் யார்?"
"கெல்ச்சுஸ்."
அறையில் இயந்திரங்களின் சத்தம் மட்டும்.
மாந்த்விதாஸ் ஃபோனில் தேடினான். ஒன்றும் வரவில்லை.
ஸெனோனாஸ் நெற்றியைச் சுருக்கினார்.
"இடதுகைக்காரன், வலது காலைக் கொஞ்சம்
இழுத்து இழுத்து ஓடுவானே, அவனா?"
இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன கெல்ச்சுஸுக்கு.
"அவனேதான்" என்றேன்.
"நல்ல ஆட்டக்காரன். கோச்சுக்குத்தான் கண் இல்லை"
என்றபடி பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு
எடைமேடையில் ஏறினார்.
இரண்டு கிலோ நானூறு குறைந்திருந்தது.
எழுதிக்கொண்டேன்.