அறுபத்திரண்டு

ஒண்டிக்கடை ரவுண்டானாவில் மார்கழிப் பனி
ஏழு மணிக்கே எல்லார் ஷட்டரையும் இறக்கிவிடுகிறது.
எங்கள் மருந்துக்கடை மட்டும் எட்டரை வரை.
முதலாளி ஃபெலிக்ஸ் கல்லாவுக்குக் கீழே
ஒரு ஃப்ளாஸ்க் வைத்திருக்கிறார்.
நாலு கம்பெனி இருமல் சிரப் அடுக்கிய கடையில்
அவர் குடிப்பது
மிளகு, சுக்கு, கொஞ்சம் கருப்பட்டி.
யாராவது பார்த்துவிட்டால் "காப்பிங்க" என்பார்.
ஏற்காட்டில் அது எடுபடுகிற பொய்.

நான் டி.ஃபார்ம் படித்தவள்.
என் சமையலறை ஜன்னலில்
பெயின்ட் டப்பாவில் ஓமவல்லி.
இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வதென்று
தெரியாமலே எட்டு வருஷம் ஓடிவிட்டது.

காப்பிப் பழம் பறிக்கிற நாட்களில்
கூட்டம் வேறு மாதிரி.
நாகலூர் ஜீப்பிலிருந்து இறங்கி
விரலெல்லாம் பிசுபிசுப்போடு நிற்பார்கள்.
"தொண்டைக்கு எதாச்சும் குடுங்க, பத்து ரூவாக்குள்ள."
உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள் என்பேன், காசு வாங்காமல்.
ஃபெலிக்ஸ் அப்போது காலண்டரைப் பார்ப்பார்.
மஞ்சள் போட்ட பால் நல்லதா என்று ஒருத்தி கேட்டாள்.
நான் வாய் திறக்குமுன்
"பாலு வாங்குனாத்தானே" என்று
அவளே முடித்துவிட்டுப் போனாள்.

நேற்று எட்டேகாலுக்கு ஜெயக்கொடி வந்தாள்.
புருஷனின் ஸ்வெட்டருக்குள் ஏழு மாதக் குழந்தை.
"சளி மருந்து ஒண்ணு குடுங்க. ஜீப்பு நிக்குது."
ஸ்வெட்டரை விலக்கினேன்.
குப்பென்று ஓமவல்லி.
வாட்டிப் பிழிந்த சாறு, நெற்றியில், உள்ளங்காலில்,
பச்சையாகக் காய்ந்திருந்தது.
"தேன் குடுக்கலைங்க. நர்சம்மா வேண்டாம்னாங்க."
அவ்வளவு கவனமானவள்.

சட்டையைத் தூக்கிப் பார்த்தேன்.
ஒவ்வொரு மூச்சுக்கும்
விலா எலும்புக்குக் கீழே ஒரு குழி.
செல்போனில் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு
உதடு அசையாமல் எண்ணினேன்.
இந்த வயசுக்கு ஐம்பதைத் தொட்டால் ஆபத்து.
ஐம்பது வந்தபோது
இன்னும் பன்னிரண்டு நொடி மிச்சம் இருந்தது.

அறுபத்திரண்டு.

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது.
"நான் தப்பாப் பண்ணிட்டனாங்க?"
இல்லை ஜெயக்கொடி.
இது இலைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.
என் பின்னால் இருக்கிற
நாலு கம்பெனிக்கும் எட்டாத இடத்தில்.

அதைச் சத்தமாகச் சொன்னேனா
என்று இப்போது நினைவில்லை.
ஃபெலிக்ஸ் ஏற்கெனவே கார் சாவியை எடுத்திருந்தார்.
இங்கே ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாட்டி
நூற்றெட்டில் ஏற்றினார்கள்.
சேலம் பெரியாஸ்பத்திரி வரை
இருபது கொண்டை ஊசி வளைவு.
ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே அவரும் போனார்,
ஃப்ளாஸ்கை மறந்துவிட்டு.

ஷட்டரை நானே இறக்கினேன்.
வீட்டில் எனக்கு ஒன்பதாம் நாள் இருமல்.
கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவியும்
குழந்தையின் நெற்றி வாசனை போகவில்லை.
ஜன்னலுக்குப் போனேன்,
ஒரு இலையைத் தொட்டேன், கிள்ளவில்லை.
பிறகு கிள்ளினேன்.
நாலு மிளகைத் தட்டிப் போட்டேன்.
தண்ணீர் கொதிக்கையில் குமிழிகளை எண்ணிக்கொண்டிருந்தது
அடுப்பை அணைத்த பின்தான் உறைத்தது.

பதினொன்றே முக்காலுக்கு ஃபெலிக்ஸ்.
பின்னால் ஸ்ட்ரெச்சர் சக்கரச் சத்தம்.
"பெட் கெடச்சுருச்சு. ஐம்பத்தி நாலாம், இப்ப."
"ம்."
"அந்தப் பொண்ணு உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா.
வீட்டுல அந்தச் செடி இருக்கட்டுமா,
புடுங்கிப் போட்டுடட்டுமான்னு."

டம்ளரில் ஆவி போய்விட்டிருந்தது.
எட்டு வருஷத்தில்
எனக்கு வந்த ஒரே சரியான கேள்வி,
அதுவும் போனில், இன்னொருவர் வாயால்.

"இருக்கட்டும்னு சொல்லுங்க.
பெரியவங்க தொண்டைக்கு ஆகும்.
தண்ணி மட்டும் ரொம்ப ஊத்த வேண்டாம்,
வேரு அழுகிடும்,
அப்பறம், குழந்தைக்கு மூச்சு..."

அதற்குள் எனக்கு இருமல் வந்துவிட்டது.