திருப்பித் தந்தபின்

என் வேலை உடைப்பது.
சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது,
அதை விடுங்கள்.
பின்லாந்தில், காயானியில்,
மூடிப்போன காகித ஆலையின் இரண்டாம் மாடியில்
உள்ளங்கை அகலக் கண்ணாடித் தகடுகளுக்குள்
லேசரால் எழுத்தைப் புதைக்கிறது எங்கள் நிறுவனம்.
நூலகங்களுக்கான புதிய சேவை.
பத்தாயிரம் ஆண்டுக்குப் பொறுப்பு,
கட்டணம் மட்டும் வருடா வருடம்.

எட்டு மாதம் அந்தக் கண்ணாடியைப் படுத்தியெடுத்தேன்.
உப்புநீரில் அவித்தேன்.
ரொட்டி அடுப்பில் வைத்துவிட்டு ஊருக்குப் போனேன்.
உறைந்த ஏரியில் துளை போட்டு
ஜனவரி முழுக்கத் தூண்டில் கயிற்றில் தொங்கவிட்டேன்.
சனிக்கிழமை சௌனாவில்
காய்ந்த கற்களோடு கல்லாக அடுக்கித்
தண்ணீர் ஊற்றினேன்; மைத்துனன் முறைத்தான்.
எடுத்துத் துடைத்து வாசித்தால்
ஓர் எழுத்துகூடக் கலங்கவில்லை.
மேலாளர் வெசா கேக் வாங்கிவந்தார்.

முதல் வாடிக்கை, நகர நூலகம்.
சோதனைக்கு அனுப்பிய கோப்பில்
நூற்பட்டியல் இருந்தது, பழைய வரைபடங்கள் இருந்தன,
யாரோ ஒரு கட்டத்தில் டிக் அடிக்க மறந்ததால்
பதினோரு வருட இரவல் கணக்கும் இருந்தது.
எவரும் கவனிக்கவில்லை.
கண்ணாடிக்குத் தெரியும்.

பிப்ரவரியில் பார்க்க வந்தார்
நூலகத் தலைவர் தெல்லெர்வோ கெம்ப்பைனென்.
பனிக்காலணியைக் கழற்றிக்
கம்பளிக் காலுறையோடு திரைமுன் நின்றார்.
பெருமையோடு ஒரு வரிசையைத் திறந்தேன்.

அட்டை எண் 4417.
அக்டோபரில், விவாகரத்துச் சட்டம்: எளிய விளக்கம்.
நவம்பரில், தூக்கமின்மை.
நவம்பரில் மறுபடி தூக்கமின்மை, வேறு ஆசிரியர்.
டிசம்பரில் ஒன்றுமில்லை.
மார்ச்சில், ஒருவருக்கான சமையல்.
மே மாதம் தேனீ வளர்ப்பு,
மூன்று முறை நீட்டிப்பு.

தெல்லெர்வோ கழுத்துத் துண்டை உருவித்
திரைமேல் போட்டார்,
யாரோ குளிக்கும் அறைக் கதவைச் சாத்துவதுபோல.
"இதை அழியுங்கள்."

வெசா சிரித்தார்.
"அழியாது. அதைத்தானே விற்கிறோம்."

அவர் குரலை உயர்த்தவில்லை.
"புத்தகம் திரும்பி வந்ததும்
எடுத்தவர் யாரென்பதை மறந்துவிடுவோம்.
புத்தகத்தை வைத்திருப்பது பாதி வேலை.
மீதிப் பாதி இது.
உங்கள் விளம்பரத்தாளில் இதற்கு ஒரு வரியும் இல்லையே?"

குளிர்விப்பான் மட்டும் இரைந்தது.
பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
உடைப்பவன் அல்லவா.

சுத்தியல்.
எட்டு மாதத்தில் நான் செய்யாத ஒரே சோதனை.
முதல் அடிக்கே நான்கு துண்டு.
ஒன்று மேசைக்கடியில் எங்கோ போனது.
மனசு கேட்காமல்
மற்ற மூன்றையும் வாசிப்பானில் வைத்தேன்.
விட்டுப்போன இடத்தை
மிஞ்சிய எண்களிலிருந்து ஊகித்து நிரப்பும் கணக்கு,
அதை எழுதியவனும் நானே.
நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.
நவம்பர் வந்தது.
மறுபடி நவம்பர் வந்தது.
தேனீக்கள் வந்தன.

கடைசியில்
தொழிற்பள்ளியில் பீங்கான் அரைக்கும் உருளையை இரவல் கேட்டு
ராத்திரி முழுக்க அரைத்தேன்.
காலையில் மாவை ஜாம் புட்டியில் போட்டு
தெல்லெர்வோ கையில் கொடுத்தேன்.
குலுக்கிப் பார்த்தார்.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
அப்போதும் முழுக்க நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

அதன்பின் ஏழு வாரம் உடைக்கவே இல்லை.
இனி ஒவ்வொரு பதிவும் பூட்டியே புதையும்.
பூட்டைக் கண்ணாடி காக்கட்டும், பத்தாயிரம் வருடமோ எத்தனையோ;
சாவி இருப்பது
சாதாரண, செத்துப்போகிற நினைவகத்தில்.
நூலகத்தில் ஒருவர் பொத்தானை அழுத்தினால்
சாவி நீர்மேல் எழுத்து.

விளம்பரத்தாளில் 'மறக்கவும் தெரிந்தது' என்று சேர்க்கச் சொன்னேன்.
விற்காது என்றார் வெசா.
ஒப்பந்தத்தில் பத்தொன்பதாம் பிரிவாக இருக்கிறது,
சின்ன எழுத்தில்,
தெல்லெர்வோ சொல்லச் சொல்ல அடித்தது.

கையெழுத்தான அன்று
நூலகம் போய் எனக்கும் ஓர் அட்டை வாங்கினேன்,
பள்ளியை விட்டபின் முதல்தடவை.
ஒரு புத்தகமும் எடுத்தேன்.
என்ன புத்தகம் என்று கேட்காதீர்கள்.
வியாழக்கிழமை திருப்பித் தந்துவிட்டேன்.