மரவள்ளி, எண் 1903

செர்ரி ரோட்டு ஆடிட்டர் ஆபீஸ், மாடி.
என் மேசையில் இரண்டு ஃபைல்.
மின்விசிறி வேகம் கூடினால்
இரண்டும் ஒன்றாகத்தான் படபடக்கின்றன.

பழுப்பு ஃபைல் அங்கமுத்து.
செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி மண்டி.
வெள்ளிதோறும் பில்களை மஞ்சப்பையில் கொண்டுவருவார்.
கவிழ்த்தால் காகிதத்தோடு
நாலைந்து ஜவ்வரிசியும் தரையில் ஓடும்.
லாபம் எவ்வளவு என்று கேட்டதில்லை.
"வட்டின்னு எங்கியும் ஒரு பைசா போகலையேங்க?"
போகவில்லை. இருபத்தாறு வருஷமாய்ப் போகவில்லை.
கடன் கொடுக்கத் தேடிவந்த பேங்க் மேனேஜர்
காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.
பக்கத்துக் கடை விலைக்கு வந்தபோதும் அசையவில்லை:
"ஒரு தராசப் பாக்கவே ரெண்டு கண்ணு போதலைங்க."

நீல ஃபைல் கோகிலவாணி.
அதே கிழங்கு, அதே மாவு.
இவள் உருட்டினால் சுண்டைக்காய் அளவு,
வெல்லப்பாகில் கறுத்து,
பெங்களூர்க் கடைகளில் தேநீருக்கு அடியில் கிடக்கும்.
விரல் நுழைகிற ஸ்ட்ராவில் உறிஞ்ச வேண்டுமாம்.
முதல் நாலு மாதச் சரக்கு கூழாகி மாட்டுத் தொட்டிக்குப் போனது.
அதைச் சோதனைச் செலவு என்று எழுதச் சொன்னாள்.
விசிட்டிங் கார்டில் நிறுவனர் என்றிருக்கிறது;
நிறுவியது கொண்டலாம்பட்டியில், வாடகை ஷெட்டில்.
போன மார்ச்சில் நஷ்டம் பத்தொன்பது லட்சம்.
தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னேன்.
"நான் இருபத்தஞ்சு நெனச்சேன் சார்" என்று
ஆபீஸுக்கே தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தாள்.
காரம் அதிகம். நான் இரண்டு தின்றேன்.

அன்றிரவு பஸ்ஸில் தீர்ப்பு எழுதிவிட்டேன்:
அவள் குதிக்கிறவள்.
அவர் கைப்பிடியை விடாமல் படியிறங்குகிறவர்.
அடுத்தவர் கணக்கையே எழுதிப் பழகினவனுக்கு
இப்படி ஒரு கோடு கிழிப்பது சுகம்.

தை மாசம் ஸ்டாக் பார்க்க மண்டிக்குப் போனேன்.
மூட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கையில் போன்.
இந்தூர்க்காரர். ஒரு லோடு. எட்டரை லட்சம்.
தெரிந்த இருபது இந்திச் சொல்லில் இரண்டை எடுத்து
அனுப்புகிறேன் என்றார் அங்கமுத்து,
கணுக்காலைச் சொறிந்தபடி.
பேப்பர் இல்லை. முன்பணம் இல்லை.
ஆளைப் பார்த்திருக்கிறீர்களா என்றேன்.
"இல்லீங்க. குரல் பழக்கம்."
பணம் வராவிட்டால்?
எத்தனை மூட்டை வரை எண்ணினேன் என்று
என்னைத் திருப்பிக் கேட்டார்.

கோகிலவாணியிடமும் அதைக் கேட்டிருக்கிறேன்.
ஒப்பந்தம் நாற்பத்திரண்டு பக்கம்.
முதலில் மூழ்குவது முதலீட்டாளர் பணம்;
அம்மாபேட்டை வீட்டுப் பத்திரம்
பீரோவை விட்டு நகரவே இல்லை.
"கம்பெனிதான் போகும் சார். நான் போக மாட்டேன்."
அங்கமுத்துவுக்கு அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது.
கடைப் பலகையில் இருப்பது அவர் அப்பா பெயர்.
பஸ்ஸில் கிழித்த கோட்டை
எந்தப் பக்கம் நகர்த்துவதென்று தெரியவில்லை.

போன வெள்ளி, படிக்கட்டில் இருவரும் எதிர்ப்பட்டார்கள்.
"அண்ணே, நாலு டன் மாவு வேணும். பணம் தொண்ணூறு நாள்ல."
தொண்ணூறு என்றதும்
மஞ்சப்பையைக் கை மாற்றிக்கொண்டார்.
அவளைப் பார்த்தார். அவள் காலணியைப் பார்த்தார்.
நேரில் பார்த்து எடைபோட அவருக்கு வராது போல.
"கீழ போயி எனக்கு ஒரு போன் போடு கண்ணு."

போட்டாள், டீக்கடை ஓரமாக நின்று.
அவர் சுவர்ப்பக்கம் திரும்பி,
கண்ணை மூடிக்கொண்டு "அலோ" என்றார்.
அவள் குரல் எனக்கு இரண்டு முறை கேட்டது:
தெருவிலிருந்து ஒன்று,
அவர் காதோரம் கசிந்து ஒன்று, கொஞ்சம் பிந்தி.

நான் படிவத்துக்குத் திரும்பினேன்.
சரக்கின் எண் கேட்கும் கட்டத்தில்
பழுப்புக்கு 1903. நீலத்துக்கும் 1903.
வெளியே அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.