காரணம்: ஒன்றைத் தெரிவு செய்க

கொழும்பில் குளிர்காலம்
டுப்ளிகேஷன் வீதியில், ஏழாம் மாடியில் மட்டும் உண்டு.
ஏசி பதினெட்டில். ரிமோட் துமிந்தவின் லாச்சிக்குள்.
லிப்ட் கதவு திறக்க முன்பே
எல்லோரும் ஸ்வெட்டருக்குள் புகுந்துவிடுவோம்.
என்னுடையது மண்ணிறம். புறக்கோட்டையில்
நுவரெலியா போகிறவர்களுக்கென்று தொங்கவிட்டிருந்தது,
முன்னூறு ரூபா குறைத்து வாங்கினேன்.

இரவு ஏழரை. அங்கே காலை ஒன்பது.
அங்கே என்றால் நான் கண்டிராத ஒரு மாகாணம்.
மூன்று நாளாக மழையே கண்ணாடியாய் உறைந்து
கம்பிகள் அறுந்து தொங்குகின்றனவாம்.
அவர்களுடைய மின்சாரக் கம்பனிக்கு
நாங்கள்தான் வாய்.
என் வாய்க்குப் பெயர் நோரா.
நிரோஜினி அவர்கள் நாக்கில் ஏறாது என்று
பயிற்சியின் முதல் நாளே தீர்மானித்துவிட்டார்கள்.

வரிசையில் நூற்றுப்பதினொரு பேர்.
ஆளுக்கு நாலு நிமிஷம் இருபது செக்கன்.
தாண்டினால் திரையின் மூலை சிவக்கும்,
துமிந்த எழும்பி வந்து பின்னால் நிற்பான்,
ஒன்றும் பேச மாட்டான்,
பேனையை மட்டும் டிக் டிக் என்று அமத்துவான்.

எப்போது வரும் என்கிறார்கள்.
எங்கள் குழுக்கள் களத்தில் நிற்கின்றன என்கிறேன்.
ஏசினவர்கள் பதினாறு பேர். அழுதவர் ஒருவர்.
தன் மீன்தொட்டியைப் பற்றி மட்டும் கேட்டவர் ஒருவர்;
அவருக்கு என்ன சொல்வதென்று தாளில் இல்லை.

பத்தே முக்கால் இருக்கும். மிஸிஸ் ஹால்பெர்க்.
எண்பத்திரண்டு வயது. வீட்டுக்குள் ஒன்பது பாகை.
இரண்டு கோட்டுகள், காலில்
செத்துப்போன மனிதரின் காலுறை.
மூன்று நிமிஷம் ஐம்பது.
அப்போதுதான்

போனது.

கொள்ளுப்பிட்டி முழுக்க ஒரேயடியாய்,
கடற்கரை ஹோட்டல்களைத் தவிர.
அவற்றுக்கு இருட்ட நேரம் கிடைப்பதில்லை.
மேசைக்குக் கீழே அறுபது யூபிஎஸ் பெட்டிகள்
கோழிக்குஞ்சுகளாய்க் கீச்சிடத் தொடங்கின.
கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர்
இருமியது, இருமியது, ஓய்ந்தது.
டீசல் பொறுப்பானவர் லீவாம்.
பஸ்லியா சிங்களத்தில் ஒன்று சொன்னாள்,
எழுத முடியாது.

'அது என்ன சத்தம், நோரா?'

தாளைப் பார்க்க வெளிச்சமில்லை.
'இங்கேயும் கரண்ட் போய்விட்டது.'
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு சிரித்தார். முதலில் இருமல் என்றே நினைத்தேன்.
'அடடா, உனக்கும் குளிருமே.
போர்த்திக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?'

ஏசி நின்று மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை,
முதுகில் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது.
ஒரு கை ஸ்வெட்டருக்குள், மற்றக் கை வெளியே.
'இருக்கிறது' என்றேன். 'மண்ணிறம்.'
'கழற்றிவிடாதே. நீ எங்கே இருக்கி—'

யூபிஎஸ் அவ்வளவுதான்.

ஒரு மணி நாற்பது நிமிஷம்.
திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்கள்.
யாரோ கொண்டுவந்த ஒற்றைக் கட்லட்டை
போன் வெளிச்சத்தில் ஐந்தாகப் பிய்த்தோம்.
துமிந்த எங்கள் வரவுப் புத்தகத்தால்
தனக்கு விசிறிக்கொண்டே சொன்னான்:
இந்த நேரத்தை ஞாயிற்றுக்கிழமை ஈடுசெய்ய வேண்டும்.

கரண்ட் வந்தது.
விட்ட இடத்திலேயே திரை விழித்தது.
அழைப்பு முடிந்த காரணம்: ஒன்றைத் தெரிவு செய்க.
தீர்வு வழங்கப்பட்டது.
மேலிடத்துக்கு மாற்றப்பட்டது.
முகவர் துண்டித்தார்.
வாடிக்கையாளர் துண்டித்தார்.
மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன்,
இருட்டு இல்லை.
முகவர் என்றால் சம்பளத்தில் ஐந்நூறு ரூபா.

கிழவியின் தலையில் போட்டேன்.

வரிசையில் முன்னூற்று நாற்பது பேர்.
குளிர் பழையபடி கழுத்தில் ஏற
ஸ்வெட்டரைத் தேடினால்
பஸ்லியா அதைச் சுருட்டித் தலைக்கு வைத்துத்
தரையில் தூங்குகிறாள்.
எழுப்ப மனம் வரவில்லை.

'வணக்கம், நான் நோரா'
என்றேன், பல் கிட்டியபடி.
மீன்தொட்டிக்காரர்.
தன்னை நினைவிருக்கிறதா என்று கேட்டார்.