கிளைக் கால்வாய், பதினொரு மணி

குடையைத் தூக்கிப் பிடிப்பவன்தான் வழிகாட்டியாம்.
ஜோதிலிங்கம் சொன்னான்,
ஓசூர் ரோஜாப் பண்ணையிலிருந்து
அந்தம்மாவைக் காரில் கூட்டிவந்தவன்.
என்னிடம் குடை இல்லை.
மதகுச் சாவி இருந்தது, முழ நீளம், துரு.
அதைத் தூக்கிப் பிடித்தேன்.

நான் லஸ்கர்.
பதினேழு வருஷமாய்த் தண்ணீரைத் திறப்பவன், மூடுபவன்,
திறக்காததற்குத் திட்டு வாங்குபவன்.

ரோஜா வாங்க வந்த ஆனெக்காவின் ஊரில்
தெருவே தண்ணீராம். ஓடாது, நிற்குமாம்.
முகப்பின் அகலத்துக்கு வரி போட்டதால்
அந்தக்காலத்து வீடுகள் எல்லாம்
ஒல்லியாய், ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு.
இங்கே ஏக்கருக்குத் தீர்வை, என்றேன்.
வயலை ஒல்லியாக்க வேண்டுமென்றால்
அண்ணன் தம்பி சண்டை போட வேண்டும்.
ஜோதிலிங்கம் எதையோ சொன்னான். அவள் சிரித்தாள்.
இதற்குத்தானா என்று தெரியவில்லை.

எத்தனை பாலம், என்று கேட்டாள்.
எண்ணியதே இல்லை. நடந்துகொண்டே எண்ணினோம்.
பெரியமுத்தூர் தாண்டி ஒரு கல்பாலம்,
மாங்கூழ் ஆலை லாரிக்காக ஒன்று,
இரண்டு தென்னை மரத்தைச் சேர்த்துக் கட்டியது ஒன்று.
அதன் நடுவில் ஒரு ஆடு. வழி விடவில்லை.
அதையும் எழுதிக்கொண்டாள்.

அவள் ஊரில் வருஷாவருஷம்
கால்வாயில் விழுந்த சைக்கிள்களைக்
கொக்கி போட்டு அள்ளுவார்களாம், மலைமலையாய்.
நான் அள்ளிய கணக்கைச் சொன்னேன்:
மூன்று டிவிஎஸ், கை உடைந்த பிள்ளையார்கள்,
கல்யாணப் பந்தலின் சீரியல் பல்பு ஒரு சரம்,
ஒருமுறை ஒரு ஆள்.
கடைசியை ஜோதிலிங்கம் மொழிபெயர்க்கவில்லை.

சுண்டேகுப்பத்தில் கிளை பிரிகிறது.
பதினொரு மணிக்கு முறைத்தண்ணி.
சாவியை மாட்டி நாற்பது சுற்று. பலகை முனகியது.
முதலில் வந்தது நுரை,
பெங்களூரு துணி துவைத்து அனுப்பிய வெள்ளை.
பிறகு சருகு, மாங்கொட்டை, ஒற்றைச் செருப்பு.
பிறகுதான் தண்ணீர்.

காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர்
மனுஷன் நடக்கிற வேகத்தில்தான் போகும்.
குழி வந்தால் நிற்கும், நிரப்பும்.
நண்டு வளைக்குள் எட்டிப் பார்க்கும்.
வெடிப்பு வெடிப்பாய்க் குனிந்து என்னவோ சொல்லிவிட்டு
மறுபடி கிளம்பும்.
தூக்கிய சாவியை இறக்கிவிட்டேன்.
அதன் பின்னால் நடந்தோம் மூன்று பேரும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
ஐந்நூறு ரூபாய்க்காக நான் இதற்கு ஒப்பவில்லை.
கடைமடைப் பக்கம் நான் போய் ஆறு வருஷம்.
போனால் விடமாட்டார்கள்.
வெள்ளைக்காரம்மா கூட வந்தால்
வாயை அடக்குவார்கள் என்று ஒரு கணக்கு.

கரை நெடுக மோட்டார் குழாய்கள்
வாயை நனைத்துக்கொண்டு கிடந்தன.
இவை என்ன, என்றாள்.
பார்க்காததுபோல் நடந்தேன்,
பார்க்காமலிருக்கவும் எனக்குச் சம்பளம் உண்டு.
தண்ணீர் இளைத்தது.
இடுப்பளவு, முழங்கால், கணுக்கால்,
பிறகு ஈரம்.

ஈரமும் நின்ற இடத்தில்
கெம்பம்மா மண்வெட்டியோடு நின்றிருந்தாள்.

'வாய்யா மாதையா.
நாத்து வைக்கோலானப்புறம்
சாவியத் தூக்கிட்டு வர்றியா.
போன வருஷம் வந்தியா, அதுக்கு முன்ன வந்தியா,
எம் புருஷன் மனு எழுதி எழுதியே
கையெழுத்து நல்லாயிடுச்சு,
தண்ணி வரல.
யாரு இது, மேஸ்திரி பத்தலன்னு
சீமையிலருந்து ஆள் எடுத்தாங்களா?'

என்ன சொல்கிறார், என்றாள் ஆனெக்கா.

ஜோதிலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
'இந்த இடத்தின் வரலாற்றைச் சொல்கிறார்.'

அவள் நோட்டில் புதுப்பக்கம் புரட்டினாள்.
எந்த வருஷத்திலிருந்து, என்று கேட்டாள்.

பாஷை தெரியாத கெம்பம்மா
மண்வெட்டியைக் கரையில் சாத்திவிட்டு
கையை விரித்து,
முதல் விரலை என்னைப் பார்த்தே மடக்கினாள்.